கையின் அதிர்வு நின்றுபோனால்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, இயந்திரத்தின் துணையோடு இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வாழும் ஒருவருடைய கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ முழங்கை மடிப்புக்கு அண்மையிலோ தோலுக்குக் கீழே ஒரு நாளம் விரற்பருமனுக்குப் புடைத்து நிற்கும். அதன்மேல் விரல்களை மெல்ல வைத்தால் உள்ளே ஏதோ இரைந்துகொண்டு ஓடுவதைப்போன்ற ஓர் அதிர்வு தெரியும். காதை அருகிலே கொண்டுபோனால் ஓசைகூடக் கேட்கும். நோயாளிகள் இதனை "கையிலே கரண்ட் ஓடுது" என்று சொல்வார்கள். வைத்தியர்கள் இதனைப் பிஸ்டுலா என்கிறார்கள். ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் சத்திரசிகிச்சை மூலம் இணைத்து உண்டாக்கிய வழி இது. இவ்வழியாகவே இரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது.

இந்த அதிர்வு ஒருநாள் திடீரென்று நின்றுபோகலாம். அப்படி நின்றால் என்ன நடந்திருக்கிறது, அதனை மீண்டும் ஓடச்செய்ய இன்று மருத்துவத்தில் என்ன வழி இருக்கிறது, அந்த வழியை எமது கரையோர மக்கள் அடைவதற்கு எது தடையாக இருக்கிறது என்பவற்றையே இக்கட்டுரையில் எழுத எண்ணுகிறேன். கையை வெட்டித் திறக்காமல், ஊசித்துவாரம் ஒன்றின் வழியாகவே உறைந்த இரத்தத்தை அகற்றும் சிகிச்சை இது. கேட்பதற்கு நகரத்துக்குரிய விடயம்போலத் தோன்றும். ஆனால் நகரத்தவரைவிட எம்மவர்களே இதனை அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் நிலாவெளிக்கு அப்பால் இறக்கக்கண்டி வருகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, நடுவிலே பாலம். முஸ்லிம் மக்களும் தமிழ் மக்களும் மீன்பிடியை நம்பி வாழும் இடம். போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வூரை விட்டுவைக்கவில்லை. இப்போது வீடுகளுக்குள் சத்தமில்லாமல் நுழைந்திருப்பது நீரிழிவும் இரத்த அழுத்தமும். அவை பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தால் இறுதியிலே சிறுநீரகத்தைப் பிடிக்கின்றன. மாவட்டத்தின் உட்பகுதியிலே, பதவி ஸ்ரீபுர போன்ற விவசாயக் குடியேற்றங்களில் நிலைமை வேறு. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கண்டறியப்பட்டுவரும், காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோய் அங்கேயும் பரவியிருக்கிறது. கடற்கரையில் ஒரு காரணம், காட்டோரத்தில் இன்னொரு காரணம். நோய் முற்றியபின் இருசாராரும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான்: சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள கட்டில்.

அந்தக் கட்டில் எல்லாருக்கும் ஒரே வைத்தியசாலையில் கிடைப்பதில்லை. சிலர் திருகோணமலைக்குப் போகிறார்கள். இடமில்லாதவர்களும் வேறு காரணமுள்ளவர்களும் அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி என்று அலைகிறார்கள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணித்தியாலம் என்பதே உலகில் வழமையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. எமது நாட்டிலே பலருக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது. இரண்டு தடவை மட்டும் சுத்திகரிப்புப் பெறும் ஒருவருக்கு ஒரு தடவை தவறிப்போவது எவ்வளவு பாரதூரமானது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

வழி எப்படி உண்டானது?

சுத்திகரிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை இழுக்கிறது. சாதாரணமாக எமது கையில் தெரியும் பச்சை நாளங்களால் அவ்வளவு கொடுக்க முடியாது. நாடியிலே வேண்டிய வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்திலே கிடப்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதிலே பெரிய ஊசியைக் குத்துவது ஆபத்து. இந்தச் சிக்கல்தான் ஆரம்பத்தில் வைத்தியர்களைத் திணறடித்தது.

நெதர்லாந்தில் 1943ஆம் ஆண்டு, ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் நடுவிலே, வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் சுழலும் உருளையொன்றைக் கொண்டு முதலாவது செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். இயந்திரம் வேலைசெய்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய இரத்தக்குழாயைத் திறக்கவேண்டியிருந்தபடியால், குழாய்கள் முடிந்ததும் சிகிச்சையும் முடிந்தது. சில நாட்களில் தானாகவே குணமாகக்கூடிய திடீர்ச் சிறுநீரக நோயாளிகளுக்கே அது உதவியது. 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்பவர் டெஃப்லோன் குழாயொன்றை நாடிக்கும் நாளத்துக்கும் இடையிலே பொருத்தி அதைக் கைக்கு வெளியிலேயே விட்டுவைத்தார். அதன்பின்புதான் நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும் என்ற நிலை வந்தது. வெளியில் கிடந்த குழாயிலோ கிருமியும் இரத்த உறைவும் ஓயாத தொல்லை. 1966இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பிறெசியா, சிமினோ ஆகியோர், அப்பெல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரோடு சேர்ந்து, வெளிக்குழாய் எதுவுமின்றி நாளத்தையே நாடியோடு தைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். நாடியின் வேகம் நாளத்துக்குள் பாய்கிறது. ஓரிரு மாதங்களில் நாளம் பருத்துச் சுவர் தடித்து ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வருகிறது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அதைவிடச் சிறந்த வழி கிடைக்கவில்லை. இன்று இறக்கக்கண்டியில் ஒருவருடைய கையில் ஓடுவதும் அதே வழிதான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். மனிதனுக்கு இரண்டு கைகள்தான். ஒவ்வொன்றிலும் மணிக்கட்டிலே ஓரிடம், முழங்கையிலே ஓரிரு இடம். இவை ஒவ்வொன்றாகப் பழுதானபின் செயற்கைக் குழாய் வைக்கலாம். அதுவும் போனால் கழுத்திலோ தொடையிலோ கதீற்றர் என்ற குழாயைச் செருகவேண்டும். கழுத்துக் குழாயோடு வாழ்பவருக்குக் கிருமி இரத்தத்தில் கலக்கும் அபாயம் எப்போதும் உண்டு. அது கிடக்கும் பெரிய நாளமும் நாளடைவில் ஒடுங்கிப்போய், அந்தப் பக்கத்துக் கையில் புதிய பிஸ்டுலா வைப்பதைக்கூடக் கடினமாக்கிவிடுகிறது. ஆகவே இருக்கும் பிஸ்டுலாவைக் காப்பாற்றுவது என்பது ஒரு கையைக் காப்பாற்றும் காரியம் மட்டுமல்ல. அந்த நோயாளிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஏன் அடைபடுகிறது?

இரத்தம் திடீரென்று உறைந்தது என்று நாம் சொன்னாலும், பெரும்பாலான கைகளில் உறைவுக்கு முன்பே ஓர் ஒடுக்கம் இருந்திருக்கும். நாளம் என்பது இயல்பிலே மெதுவான ஓட்டத்துக்காகப் படைக்கப்பட்டது. அதற்குள் நாடியின் அழுத்தம் இரவுபகலாக மோதும்போது, குறிப்பாக இரண்டும் தைக்கப்பட்ட இடத்தின் அண்மையிலும் அடிக்கடி ஊசி ஏறும் இடத்திலும், உட்சுவர் தடித்து வழி சிறுத்துக்கொண்டே வருகிறது. களப்பின் முகத்துவாரம் மணல் சேர்ந்து சுருங்குவதை எமது மீனவர்கள் அறிவார்கள். உள்ளே தண்ணீர் தேங்கும், ஓட்டம் தளரும், பிறகு ஒருநாள் முற்றாக மூடிக்கொள்ளும். கையிலும் அப்படியே. ஒடுக்கம் இருக்கும் கையிலே ஓட்டம் இன்னும் சற்றுத் தளர்ந்தால் இரத்தம் கட்டிபடுகிறது. சுத்திகரிப்பின்போது அதிக நீரை எடுத்ததால் இரத்த அழுத்தம் விழுவது, வயிற்றோட்டம், கடும் வெயிலில் தண்ணீர் வற்றுவது, அந்தக் கையைக் கீழே போட்டு உறங்குவது, இறுக்கமான சட்டைக் கையோ வளையலோ கைக்கடிகாரமோ அணிவது ஆகிய எல்லாமே காரணமாகலாம். வலைக்கயிற்றை முன்கையிலே சுற்றி இழுப்பது எமது தொழிலில் சர்வசாதாரணம். பிஸ்டுலா உள்ள கையில் அதைச் செய்யவே கூடாது.

கடந்த ஆண்டு இறக்கக்கண்டியில் ஒரு மீனவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல். எந்த வைத்தியசாலைக்குப் போகிறவர் என்பதை எழுதத் தேவையில்லை. இடது கையிலே சிறிய தழும்பொன்று; அந்தக் கை ஓய்ந்துபோயிருந்தது. கழுத்திலே குழாய், அதன்மேல் பிளாஸ்டர்.

"எப்ப நின்டது நானா?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழம சுபஹுக்கு ஒளுச் செய்யக்குள்ள பாத்தன் ஃபாதர், ஓட்டத்தக் காணல்ல. நோவு ஒன்டுமில்ல, வீக்கமுமில்ல. வியாழக்கிழம மிசினுக்குப் போறதுதானே, அப்ப காட்டுவம் என்டு இருந்துட்டன்."

"உடன ஒரு கோல் எடுத்திருக்கலாமே?"

"ஆருக்கு ஃபாதர் எடுக்கிற? நம்பர் ஒன்டும் நம்மட்ட இல்லயே."

வியாழக்கிழமை தாதிமார் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டதாம். அன்றைக்கே கழுத்தில் குழாய் ஏறியது. அந்த நாளத்தைத் திறந்துபார்க்கும் பேச்சே எழவில்லை. வலது கையில் புதிய பிஸ்டுலாவுக்குத் திகதி கேட்டிருக்கிறார்கள். அது தைக்கப்பட்டுப் பக்குவப்படும்வரை கழுத்துக் குழாய்தான்.

அவர் அசட்டையாக இருந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நோவில்லாத ஒன்றை அவசரம் என்று யார் நினைப்பார்? நெஞ்சு வலித்தால் ஓடுகிறோம். பாம்பு கடித்தால் ஓடுகிறோம். பிஸ்டுலா அடைபடும்போது பெரும்பாலும் சத்தமின்றியே அடைபடுகிறது. ஆனால் மணித்தியாலங்கள் அந்தக் கணத்திலிருந்தே எண்ணப்படுகின்றன.

ஊசித்துவாரத்தின் வழியே

புதிதாக உறைந்த இரத்தம் மென்மையானது, பனங்களியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தால் கரையும், கம்பியால் கலையும், பலூனால் இழுபடும். நாட்கள் போகப்போக அது இறுகி நாளத்தின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சுவரிலும் அழற்சி ஏற்படுகிறது. ஆகவேதான் முதல் ஓரிரு நாட்களுக்குள், முடிந்தால் அடுத்த சுத்திகரிப்புக்கு முன்பாகவே, நோயாளி சிகிச்சை மேசைக்கு வந்துவிட வேண்டுமென்று இத்துறை வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். பிந்தி வந்தவர்களுக்கும் சிலவேளை வெற்றி கிடைப்பதுண்டு. அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

சிகிச்சை நடப்பது சத்திரசிகிச்சைக் கூடத்தில் அல்ல, எக்ஸ்ரே திரை உள்ள அறையிலே. முழு மயக்கம் தேவையில்லை. கையின் ஓரிடத்தை மட்டும் மரக்கச்செய்கிறார்கள். ஸ்கான் கருவியால் பார்த்துக்கொண்டே ஓர் ஊசியை அடைபட்ட நாளத்துக்குள் செலுத்தி, ஊசியினூடாக நுண்ணிய வழிகாட்டிக் கம்பியொன்றை விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின்மேல் சிறு குழாயொன்றை நுழைக்கிறார்கள். சுவீடன் நாட்டவரான செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட எளிய உபாயம் இது. இரத்தக்குழாய்க்குள் நடக்கும் இன்றைய சிகிச்சைகள் அநேகமாக எல்லாமே இந்த ஒரு உபாயத்தின்மேல்தான் நிற்கின்றன. பெரும்பாலும் இரண்டு குழாய்கள் எதிரெதிர்த் திசைகளில் வைக்கப்படுகின்றன. ஒன்று நெஞ்சை நோக்கி, மற்றது நாடி இணைந்த இடத்தை நோக்கி.

அதன்பின் உறைவை அகற்றும் வேலை. இதற்குப் பல முறைகள் உண்டு. எதைக் கையாள்வது என்பது வைத்தியரின் பழக்கத்தையும் அங்கே கிடைக்கும் பொருளையும் பொறுத்தது. உறைவைக் கரைக்கும் மருந்தை அதற்குள்ளேயே செலுத்திச் சிறிது நேரம் பொறுத்திருப்பது ஒன்று. மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. 1990களில் ஸ்கொட் ட்ரெரோட்டோலா என்ற அமெரிக்க வைத்தியர் சிறிய கம்பிக்கூடை ஒன்றை உருவாக்கினார். அது நாளத்துக்குள் விரிந்து நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்று உறைவைக் கூழாக்கிவிடும். இதற்கிடையில் புதிதாக இரத்தம் கட்டிபடாமல் ஹெப்பாரின் கொடுக்கிறார்கள்.

நாடி இணைந்த வாயிலிலே பொதுவாக ஒரு சிறு கெட்டியான உறைவு அடைப்பானைப்போல இறுகியிருக்கும். அதைப் பிடுங்குவதற்கு உதவும் கருவியைப்பற்றி எமது மீனவ வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லியே ஆகவேண்டும். தோமஸ் ஃபோகார்ட்டி என்பவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வளர்ந்தவர், இளமையிலேயே வைத்தியசாலையொன்றில் சிற்றூழியம் பார்த்தவர். நாடியில் உறைந்த இரத்தத்தை எடுப்பதற்காக நீளத்துக்கு வெட்டித் திறக்கப்பட்ட நோயாளிகள் கையையோ காலையோ இழப்பதையும் இறப்பதையும் அங்கே கண்டார். பின்னர் மருத்துவம் படிக்கும் காலத்தில், ஒரு மெல்லிய குழாயின் நுனியிலே சத்திரசிகிச்சைக் கையுறையின் விரல்நுனியை வெட்டிப் பொருத்திப் பலூனாக்கலாம் என்று எண்ணினார். றப்பரும் குழாயும் ஒட்டுவதற்கு அக்காலத்தில் ஏற்ற பசை கிடைக்கவில்லை. அவரோ சிறுவயதிலிருந்தே தூண்டில் போடுகிறவர், செயற்கை ஈ கட்டுவதில் கைதேர்ந்தவர். தூண்டில் முடிச்சாலேயே பலூனைக் குழாயோடு கட்டிவிட்டார். ஊதாத பலூனை உறைவுக்கு அப்பால் தள்ளி, பிறகு ஊதி, மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் உறைவு கூடவே வந்துவிடுகிறது. 1963இல் இதனை வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் ஃபோகார்ட்டி பலூன் என்ற பெயரோடு இது பயன்படுகிறது. மீன்பிடிப்பவனின் விரல் அறிவை யாரும் சிறிதாக எண்ணவேண்டாம்.

உறைவை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஒரு கிழமைக்குள் மீண்டும் அடைபடும். மணலை மட்டும் வாரிவிட்டு முகத்துவாரத்தை அகட்டாமல் விட்ட கதையாகும். ஆகவே மருந்துச் சாயத்தைச் செலுத்தி, ஒடுக்கம் எங்கே இருக்கிறது என்று திரையில் பார்க்கிறார்கள். ஒடுங்கிய இடத்தில் இன்னொரு வகைப் பலூனை வைத்து விரிக்கிறார்கள். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரில் சார்ள்ஸ் டொட்டர், கால் அழுகத் தொடங்கியிருந்த முதிய பெண்மணி ஒருவரின் நாடியைக் குழாய்களால் அகட்டிக் காலைக் காப்பாற்றியதிலிருந்து தொடங்கிய வித்தை இது. சூரிச் நகரில் அன்ட்றியாஸ் குறுன்ற்சிக் 1974இல் அதற்கு உறுதியான பலூனைச் செய்து தந்தார். இதய நாடியை விரிக்கும் பலூனைப்பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிஸ்டுலாவின் ஒடுக்கமோ அதைவிட முரடானது. காரின் சக்கரத்திலே ஏறக்குறைய இரண்டு வளியழுத்த அளவு காற்று இருக்கிறதென்றால், இந்தப் பலூனுக்குச் சிலவேளை இருபதுவரை ஏற்றவேண்டி வரும். பலூன் விரியும் அந்த ஓரிரு நிமிடங்கள் நோயாளிக்கு நோகும். அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நோகாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த தடவை வரமாட்டார்.

எல்லாம் சரியாக நடந்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கையிலே பழைய இரைச்சல் திரும்பிவிடுகிறது. இதன் பெரிய நன்மை, அன்றைக்கோ மறுநாளோ அதே கையில் ஊசி போட்டுச் சுத்திகரிப்பைச் செய்துவிடலாம் என்பதுதான். கழுத்துக் குழாய் தேவையில்லை. புதிய பிஸ்டுலா பக்குவப்படும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

இது மாயவித்தை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓட்டம் திரும்புகிறது. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் ஒடுக்கமும் திரும்புகிறது, மீண்டும் பலூன் வைக்கவேண்டியிருக்கிறது. நாளத்திலே கிருமி பிடித்துச் சீழ் கட்டியிருந்தால் இதைச் செய்யவே கூடாது. உறைவோடு கிருமியும் உடலெங்கும் போய்விடும். உறைவின் சிறு துணுக்குகள் நுரையீரலுக்குப் போவதுண்டு. சாதாரணமாக அவை தீங்கு செய்வதில்லை. இதயத்தின் அறைகளுக்கிடையே துவாரம் உள்ளவர்களுக்கோ நுரையீரலில் கடும் நோய் உள்ளவர்களுக்கோ அவையே ஆபத்தாகலாம். ஆகவே பழைய நோய்க் குறிப்புகளை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இருபது கிலோமீற்றரும் இருநூற்றறுபது கிலோமீற்றரும்

இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலை நகருக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அங்கிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 180, கொழும்புக்கு ஏறக்குறைய 260. இந்தச் சிகிச்சைக்கு வேண்டிய எக்ஸ்ரே அறையும் பயிற்சிபெற்ற வைத்தியரும் எமது நாட்டில் பெரும்பாலும் பெரிய நகர வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது எமது நாட்டின் பெருமை. பயணத்துக்கும், கூடப்போகிறவரின் சாப்பாட்டுக்கும், இழந்த நாட்கூலிக்கும் யார் கொடுப்பது? இரவுப் புகையிரதத்தில் இருந்துகொண்டு போகும் நோயாளியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இவ்விடத்தில் என்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மாவட்டத்துக்கும் நாளைக்கே அந்த அறை வராது. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான். ஆனால் ஃபோகார்ட்டி பலூனைக்கொண்டு, கையிலே சிறு வெட்டு ஒன்றின் வழியாக உறைவை எடுப்பது இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை தெரிந்த வைத்தியர் உள்ள இடத்தில் செய்யக்கூடியது. அதற்குச் சுழலும் கூடை வேண்டாம். ஒடுக்கம் இருந்தால் அதைப் பின்னர் கவனிக்கலாம். முழுமையான சிகிச்சைக்காக நான்கு நாள் காத்திருந்து நாளத்தையே இழப்பதைவிட, முதலாம் நாளிலேயே அருகில் யாரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பது புத்தி. முடிவெடுப்பது வைத்தியர். அவரிடம் நேரத்தோடு போய்ச்சேர்வது மட்டுமே எமது பொறுப்பு.

போய்ச்சேர்வதும் சிலவேளைகளில் எமது கையில் இல்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் முச்சக்கரவண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. மருந்துத் தட்டுப்பாட்டால் பெரிய வைத்தியசாலைகளிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கிழக்குக் கரையைத் தாக்கியபோது வீதிகள் வெள்ளத்தில் மூழ்கின. சுத்திகரிப்புக்கு நாள் வைத்திருக்கும் ஒருவருடைய வீட்டுக்கு முன்னால் தண்ணீர் நின்றால் அது மற்றவர்களுக்கு வரும் வெள்ளத்தைப் போன்றதல்ல. கிராம சேவையாளர், மீனவர் சங்கம், பள்ளிவாசல், கோவில், ஆலயம் எல்லாரும் தமது பகுதியிலுள்ள இத்தகைய நோயாளிகள் யார் யார் என்பதை அவர்களின் சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால், அனர்த்த நாளில் முதலாவது படகு எங்கே போகவேண்டும் என்று தேடவேண்டியிருக்காது.

கையைத் தொட்டுப் பாருங்கள்

பெரும்பாலான அடைப்புகள் முன்னறிவித்தலோடுதான் வருகின்றன. முதலாவது, அதிர்வின் தன்மை மாறுகிறது. மெல்ல இரைந்து ஓடுவதற்குப் பதிலாக, அடித்து அடித்துத் துள்ளுவதாகத் தெரிந்தால் மேலே எங்கோ ஒடுக்கம் இருக்கலாம். அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். புடைத்திருக்கும் நாளம் சற்றுத் தளர்ந்து வற்றவேண்டும். வற்றாமல் விறைத்தபடியே இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. ஊசி எடுத்தபின் இரத்தம் வழமையைவிட நீண்டநேரம் நிற்காமல் கசிவது, கை வீங்குவது, ஊசி ஏற்றத் தாதிமார் சிரமப்படுவது, இயந்திரத்தில் திரும்பிவரும் பக்கத்தின் அழுத்தம் கிழமைக்குக் கிழமை கூடுவது ஆகியவையும் அடையாளங்கள். அழுத்தம் எத்தனை என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைக்க நோயாளிக்கு உரிமை உண்டு. இந்த நிலையிலேயே பலூன் வைத்து விரித்துவிட்டால் உறைவு ஏற்படுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. அடைத்தபின் திறப்பதைவிட அது எவ்வளவோ இலகு.

முஸ்லிம் சகோதரர்கள் ஒருநாளைக்கு ஐந்து வேளை முழங்கைவரை கழுவுகிறார்கள். அந்த ஐந்து வேளையும் விரலை ஒரு கணம் அங்கே வைத்துப் பார்த்தால் போதும். மற்றவர்கள் காலையில் முகம் கழுவும்போதும் இரவு படுக்கும்போதும் பார்க்கலாம். வீட்டிலுள்ள பிள்ளையொன்றுக்கும் பழக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த இரைச்சல் வேடிக்கையாக இருக்கும், மறக்கமாட்டார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ, சேலைன் ஏற்றவோ விடாதீர்கள். தெரியாத தாதி கேட்டால் மறுத்துச் சொல்லலாம், அது மரியாதைக்குறைவல்ல.

அதிர்வு நின்றுவிட்டது என்று கண்டால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது, சூடு வைத்துப் பிசையக் கூடாது. எமது ஊர்களில் முதலில் நடப்பது இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உறைவு நகர்ந்து ஆபத்தாகலாம், நாளமும் சிதையலாம். சுத்திகரிப்புப் பிந்தக்கூடும் என்ற காரணத்தால் இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் ஆகியவற்றை அன்றைக்குத் தொடவேண்டாம். அவற்றிலுள்ள பொற்றாசியம் வெளியேற வழியின்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். கருவாட்டையும் தள்ளிவையுங்கள், தாகம் கூடும். இரவென்றாலும் ஞாயிறென்றாலும் புறப்படுங்கள். வைத்தியசாலை வாசலிலே "கை நோகுது" என்று சொன்னால் வரிசையில் இருத்திவிடுவார்கள். "டயலிசிஸ் செய்கிற கை, பிஸ்டுலா அடைபட்டுவிட்டது, இத்தனை மணிக்கு நின்றது" என்று சொல்லுங்கள்.

இதற்கு முன்பாகவே செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. அடுத்த தடவை சுத்திகரிப்புக்குப் போகும்போது, இரவிலும் விடுமுறை நாளிலும் எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று கேட்டு, நோயாளியின் சிகிச்சை அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரிலும், வழமையாகக் கூட்டிச்செல்லும் முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசியிலும் அதே இலக்கம் இருக்கட்டும். குச்சவெளிப் பக்கத்துக் கிராமங்களில் இதனை வீடுவீடாகச் செய்துகொடுக்க விரும்பும் இளைஞர்கள், பிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்கும் முறையை முதலில் சுத்திகரிப்புப் பிரிவுத் தாதி ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டு தொடங்கலாம். அரை மணித்தியாலம் போதும்.